உப்பிட்ட மேகம்

கரடியனாற்றில் பகல் இரண்டரைக்கு
மேற்கே மலைப்பக்கம் மேகம் எழும்பும்.
அப்போது உறையைக் கிழிப்பார்கள்.
உள்ளே ஒரே ஒரு சொல்: உப்பு.
அல்லது: வெறும்.
எது வந்தாலும் விமானம் ஏறும்.
அதே வட்டம், அதே இரைச்சல்.
குழலில் போனது உப்போ வெறும் புகையோ
வயலில் நிற்பவருக்குத் தெரியக் கூடாது.
எனக்கும் தெரியக் கூடாது.
தெரியாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

அறுபத்து நான்கு நாள், ஒன்பது மழைமானி.
உன்னிச்சையில் ஆறு நாள் வெற்றிடம்:
மானியை யானை மிதித்துவிட்டது.
இறக்காமத்து ஆதம்லெவ்வை
காலை எட்டரைக்கு எழுதியிருந்தார்:
"பதினான்கு தசம் இரண்டு.
மானிக்குள்ள தவளை ஒண்டு இருந்தது.
தவளையைக் கழிக்கவில்லை."

ஒரு தவளை எத்தனை மில்லிமீற்றர்?
மூன்று நாள் யோசித்தேன்.
மறுகா அந்த எண்ணின் தலையில்
ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டு நகர்ந்தேன்.
முழு ஆய்விலும் ஆக நேர்மையான வரி
அவருடையதுதான்.

பதினேழாம் நாள் ஐம்பத்திரண்டு பெய்தது.
வாய்க்கால் தெறிக்கத் தெறிக்க.
அழகிப்போடியார் முட்டித் தயிரோடு
கந்தோருக்கே வந்துவிட்டார்.
"உப்பு நல்லா வேலை செய்யுது புள்ள."
நாங்கள் ஏழு பேர்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
சீனி தேடினோம்.

குளிர்த்தியன்று பெய்த மழையை
எந்தப் பக்கம் சேர்த்தாய் என்று
கோயில் வண்ணக்கர் கேட்டார்.
உறை சொன்ன பக்கம் என்றேன்.
"உறைய ஆர் குலுக்கினது?" என்றார்.
அதற்கு என்னிடம் பதில் இருந்தது.
ஆனால் அவர் கேட்டது அதை அல்ல.

ஆவணி முடிவில் கொழும்பிலிருந்து
பட்டியல் வந்தது, அரக்கு முத்திரையோடு.
முதலில் பதினேழாம் நாளைத்தான் பார்த்தேன்.
வெறும்.
தயிர் எப்போதோ செரித்துவிட்டது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
மேகம் நினைத்ததா?
உப்பு நாள்களில் நூற்றுக்குப் பதினொன்று கூட.
கை தட்ட எழும்பியவர்களை இருக்கச் சொன்னேன்.
ஒரே ஒரு அடைமழையை எடுத்துவிட்டால் நான்கு.
தவளையையும் எடுத்தால் மூன்று.
கணினியில் உறைகளை ஆயிரம் தடவை
மாற்றி மாற்றிக் குலுக்கிப் பார்த்தேன்,
யாருமே உப்புத் தூவாத
ஆயிரம் பொய்க் கோடைகள்.
அவற்றிலும் இருநூற்றுப் பதினாறில்
அதே பதினொன்று, அல்லது அதைவிடக் கூட.

தேநீர்க் கடையில் கேட்கிறார்கள்:
மழை கூடினதா இல்லையா?
உப்பிட்ட மேகம் பெய்தது.
அதே மேகம், அதே இரண்டரைக்கு,
உப்பில்லாமல் போயிருந்தால்
எவ்வளவு பெய்திருக்கும்?
அந்த மழைக்கு நான் எங்கே மானி நடுவேன்,
எந்த ஊரில்?

இன்னும் மூன்று சிறுபோகம் தாருங்கள்,
இருநூறு உறை தாருங்கள் என்று எழுதினேன்.
பதிலுக்கு ஒரு படிவம் வந்தது.
"செயற்கை மழையால் பயன் உண்டா?
ஆம் / இல்லை.
பொருந்தாத சொல்லை வெட்டிவிடுக."

பேனையைத் திறந்து வைத்திருக்கிறேன்.
கச்சான் காற்று
படிவத்தின் மூலையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கிறது.
அழகிப்போடியாருக்கு
இன்னும் நான் சொல்லவில்லை.

இன்று காலை மானியின் அடியில் ஈரம்.
விழுந்திருக்கிறது.
அளவுகோலில் ஏறவில்லை.
எங்கள் பதிவேட்டில்
அதற்கென்று ஒரு குறி உண்டு.
படிவத்தில் இல்லை.